முதல் மூணு வருஷத்து பி.எஃப்.

பிளேஸ்மென்ட் சீசன் முடிஞ்ச பிறகும் ஹாஸ்டல்ல ஓடுற பேச்சு ஒண்ணுதான்: "பேக்கேஜ் எவ்வளவு மச்சான்?" பதில் லட்சத்துல வரும். 3.6, 4, 5.5, யாரோ ஒருத்தனுக்கு 11. அதோட பேச்சு முடிஞ்சிடும். ஆஃபர் லெட்டரோட கடைசியில ஒரு அட்டவணை இருக்கும். அதை யாரும் உட்கார்ந்து படிச்சு நான் பார்க்கல.

எனக்கு வந்தது வருஷத்துக்கு 4 லட்சம். பன்னிரண்டால வகுத்தா மாசம் 33,333. ஆனா கைக்கு வரப்போறது 26,500 சொச்சம்தான். நடுவுல போறது எங்கேன்னு அந்த அட்டவணையில வரி வரியா இருக்கு. வேரியபிள் பே ஒரு பங்கு, கிராஜுவிட்டி ஒரு பங்கு, தொழில் வரி கொஞ்சம். அப்புறம் பி.எஃப். ரெண்டு தடவை வருது: 'எம்ப்ளாயர் பங்கு 1,800', 'எம்ப்ளாயி பங்கு 1,800'. என் ரூம்மேட் அதைப் பார்த்துட்டு, "டேய், நம்ம காசையே ரெண்டு தடவை புடிக்கிறாங்கடா"ன்னான். அவன் சொன்னது தப்புன்னு சொல்ல முடியாது. சி.டி.சி.ன்னா கம்பெனி நமக்காக செலவு பண்ற மொத்தம். அதுக்குள்ளயேதான் கம்பெனி பங்கும் வருது.

பி.எஃப். எப்படி வேலை செய்யுதுன்னு நாலு வருஷத்துல எந்த பேப்பர்லயும் நமக்குச் சொல்லித் தரல. அதனால சுருக்கமா சொல்லிடறேன். அடிப்படைச் சம்பளத்துல 12 சதவீதம் நம்ம பங்கு, 12 சதவீதம் கம்பெனி பங்கு. அடிப்படைச் சம்பளம் 15,000க்கு மேல இருந்தாலும் பல கம்பெனிகள் 15,000க்கு மட்டும் கணக்குப் போட்டு 1,800 பிடிப்பாங்க. அந்த 15,000 வரம்பு 2014 செப்டம்பர்ல வந்தது. நம்ம 1,800 முழுசா பி.எஃப். கணக்குக்குப் போகும். கம்பெனி தர்ற 1,800ல 1,250 இ.பி.எஸ்.ங்கிற பென்ஷன் திட்டத்துக்குப் போயிடும், மீதி 550 மட்டும் பி.எஃப்.ல சேரும். ஆக மாசம் 2,350 ரூபாய். 2023-24லயும் 2024-25லயும் வட்டி 8.25 சதவீதம்.

இப்ப ஒரு எக்செல் ஷீட் திறங்க. லேப் ரெக்கார்டுக்கு கிராஃப் போட்ட அதே எக்செல்தான்.

22 வயசுல ஆரம்பிச்சு 58 வரைக்கும், சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏறாம, வட்டியும் இதே அளவுல இருந்தா, 36 வருஷத்துல நம்ம கணக்குல சேர்ந்திருக்கிறது 10 லட்சத்து 15 ஆயிரம். வட்டியோட கிடைக்கிறது ஏறக்குறைய 58 லட்சம். சரி, கூட்டு வட்டி, எட்டாங்கிளாஸ்லயே படிச்சதுதான்னு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆனா அடுத்து வந்த எண்ணுதான் என்னைக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார வெச்சது. முதல் மூணு வருஷத்துல சேர்றது வட்டியோட 95,000 ரூபாய். அதுக்கப்புறம் அதுல ஒரு பைசாகூட போடாம, அதை மட்டும் தொடாம விட்டா, 58 வயசுல அது 13 லட்சமா நிக்குது. 36 வருஷத்துல வெறும் மூணு வருஷம், பன்னிரண்டுல ஒரு பங்கு. ஆனா கடைசித் தொகையில அஞ்சுல ஒரு பங்குக்கும் மேல!

சீனியர்ஸ் தர்ற அட்வைஸ் என்ன தெரியுமா? "முதல் கம்பெனி மாறும்போது பி.எஃப்.ஐ எடுத்துடு மச்சி. பைக்குக்கு டவுன் பேமென்ட் ஆகும்." அதாவது எடுக்கவே கூடாத அந்த மூணு வருஷத்தைத்தான் முதல்ல எடுக்கச் சொல்றாங்க. அஞ்சு வருஷ சர்வீஸ் முடியறதுக்குள்ள எடுத்தா வருமான வரிக் கணக்குல வேற வரும். யு.ஏ.என். நம்பர் ஒண்ணேதான், கம்பெனி மாறினாலும் அது மாறாது. பழைய கணக்கைப் புதுசுக்கு மாத்திக்கலாம். எடுக்கணும்னு கட்டாயமே கிடையாது.

இந்த விஷயம் எனக்கு ஏன் இவ்வளவு பெருசா தெரியுதுன்னா, எங்க வீட்லயே ரெண்டு விதமான வயசான காலம் பக்கத்துல பக்கத்துல இருக்கு.

எங்க அம்முச்சிக்கு 82 வயசு. அப்புச்சி கவர்மென்ட் பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருந்து 1998ல ரிட்டயர் ஆனவரு. 2011ல தவறிட்டாரு. அதுல இருந்து அம்முச்சிக்குக் குடும்ப ஓய்வூதியம் வருது. பஞ்சப்படி வழக்கமா வருஷத்துக்கு ரெண்டு தடவை ஏறும், அதுவும் சேர்ந்து வரும். உயிரோட இருக்காங்கன்னு வருஷா வருஷம் சான்று கொடுக்கணும். முன்னெல்லாம் அதுக்காகக் கருவூலத்துக்குப் போய் வரிசையில நிக்கணும். இப்ப தபால்காரரே வீட்டுக்கு வந்து 70 ரூபாய் வாங்கிட்டு விரல் ரேகை எடுத்துட்டுப் போயிடறாரு. அம்முச்சி படிச்சது அஞ்சாங்கிளாஸ். எங்க சொந்தத்துலயே மாசம் பொறந்தா பணத்துக்காக யார் முகத்தையும் பார்க்க வேண்டாத ஆள் அவங்க ஒருத்தங்கதான். பொங்கலுக்கு எனக்கு 2,000 ரூபாய் தருவாங்க. பி.பி. மாத்திரைக்கு அவங்க பர்ஸ்ல இருந்துதான் காசு போகும். மாமா வீட்ல அவங்க பேச்சுக்கு ஒரு மரியாதை இருக்கு. அது வயசுக்கு மட்டும் கிடைக்கிற மரியாதை இல்லைன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

அந்தப் பழைய பென்ஷன் நமக்கு இல்ல. தமிழ்நாடு அரசு வேலையிலயே 2003 ஏப்ரல் 1க்கு அப்புறம் சேர்ந்தவங்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்னு மாத்திட்டாங்க. மத்திய அரசு 2004 ஜனவரியில என்.பி.எஸ். கொண்டு வந்தது. பிரைவேட்ல எப்பவுமே அப்படி ஒண்ணு இருந்ததில்ல.

அப்பாவுக்கு 54. கோயமுத்தூர்ல பம்ப் செட் தயாரிக்கிற ஒரு கம்பெனியில சூப்பர்வைசர். வேலைக்குப் போக ஆரம்பிச்சது 1996ல, ஒரு ஸ்பின்னிங் மில்லுல. 2003ல மில்லை மூடினாங்க. பி.எஃப்., பென்ஷன் பணம் எல்லாத்தையும் எடுத்தாரு. வீட்டுக்கு ஓடு மாத்தி தார்சு போட்டது அதுலதான். 2005ல ஒரு பவுண்டரியில சேர்ந்தாரு, 2014 வரைக்கும் ஒன்பது வருஷம். அங்கிருந்து வெளிய வந்தப்ப மறுபடியும் எல்லாத்தையும் எடுத்தாரு. அந்த வருஷம் அம்மாவுக்கு ஆபரேஷன். அப்ப எனக்குப் பத்து வயசு, இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல் ஃபீஸ் ரெண்டு டெர்ம் பாக்கி. இப்ப இருக்கிற கம்பெனியில 2015ல இருந்து இருக்காரு.

இ.பி.எஸ். பென்ஷன் கணக்கு ரொம்ப சுலபம். பென்ஷனுக்கான சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால பெருக்கி 70ஆல வகுக்கணும். அப்பாவுக்கு 2029ல 58 முடியும். 2015ல இருந்து 14 வருஷம். 15,000 பெருக்கல் 14, வகுத்தல் 70. மாசம் 3,000 ரூபாய். இதுக்குப் பஞ்சப்படியெல்லாம் கிடையாது. 2029ல 3,000ன்னா 2040லயும் 3,000. 2003லயும் 2014லயும் எடுக்காம விட்டிருந்தா, அந்த 16 வருஷ சர்வீஸும் பென்ஷன் கணக்குல சேர்ந்திருக்கும். ரெண்டு இடத்துலயும் பத்து வருஷத்துக்குள்ளயே வேலை போனதால முழுசா எடுக்க வழி இருந்துச்சு, எடுத்துட்டாரு.

"ஏனுங்கப்பா எடுத்தீங்க?"ன்னு ஒரு நாள் கேட்டேன். குறை சொல்ற மாதிரி இல்ல, கணக்குக்காகத்தான் கேட்டேன்.

"அந்த நேரத்துக்குக் கையில அதுதான கண்ணு இருந்துச்சு"ன்னாரு.

பணம் சேர்க்கிறதைப் பத்திப் பேசுற யூடியூப் ஆளுங்க 'ஒழுக்கம், ஒழுக்கம்'னு சொல்றப்பல்லாம் எனக்கு இந்தப் பதில்தான் ஞாபகம் வருது. எங்க அப்பா ஒரு டீ கூட வீண் செலவா குடிக்காத மனுஷன். அவர்கிட்ட ஒழுக்கம் இருந்துச்சு. இல்லாதது வேற ஒண்ணு. ஆபரேஷனுக்கும் ஃபீஸுக்கும் எடுக்க பி.எஃப்.ஐத் தவிர இன்னொரு பணம் இல்ல.

இப்ப மூணாவது தடவை. என் எஜுகேஷன் லோன் 4 லட்சம் நிக்குது. வட்டி 10.5 சதவீதம். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் கட்ட வேண்டாம்னு டைம் இருக்கு, ஆனா வட்டி ஓடிட்டுத்தான் இருக்கும். போன மாசம் ஊருக்குப் போனப்ப அப்பா சொன்னாரு: "பி.எஃப்.ல 3 லட்சம் வரைக்கும் எடுக்கலாம்னு பிரவுசிங் சென்டர்ல சொன்னாங்க. மீதி ஒரு லட்சத்துக்கு அம்மா வளையல் இருக்கு. நீ வேலைக்குப் போறப்ப தலையில கடன் இருக்கக் கூடாது சாமி."

இதைக் கேட்டு உருகிப் போறதா, பதில் சொல்றதான்னு தெரியல. முதல்ல கணக்கைப் பார்த்தேன். நேர்மையா சொல்லணும்னா, வட்டியை மட்டும் வெச்சுப் பார்த்தா அப்பா சொல்றதுதான் சரி. 8.25 தர்ற இடத்துல இருந்து எடுத்து 10.5 தின்னுற இடத்துல கட்டறது லாபம்தான். 3 லட்சத்துக்கு வருஷம் 6,750 ரூபாய் மிச்சம். யாரும் இதுல தப்புக் கண்டுபிடிக்க முடியாது.

ஆனா இந்தக் கணக்கு கடனையும் பி.எஃப்.ஐயும் ஒரே ஆளோடதுன்னு எடுத்துக்குது. கடனைக் கட்ட எனக்கு முப்பத்தாறு வருஷச் சம்பளம் இருக்கு. அந்த 3 லட்சத்தைத் திரும்பச் சேர்க்க அப்பாவுக்கு இருக்கிறது நாலு வருஷம்.

அதனால இன்னொரு ஷீட் போட்டேன். அப்பா கணக்குல இப்ப 4 லட்சத்து 30 ஆயிரம் இருக்கு. தொடாம விட்டா, மாசாமாசம் போற பணமும் சேர்ந்து 58 வயசுல 7 லட்சத்து 20 ஆயிரம் பக்கம் வரும். அதை அப்படியே தபால் ஆபீஸ்ல மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துல போடலாம். பொதுவா அது 60 வயசுக்கு மேல, ஆனா 55 தாண்டி ரிட்டயர் ஆனவங்க பணம் கைக்கு வந்த மூணு மாசத்துக்குள்ள போட்டா ஏத்துக்குவாங்க. 2023 ஏப்ரல்ல இருந்து வட்டி 8.2 சதவீதம், மூணு மாசத்துக்கு ஒரு தடவை கைக்கு வரும். அந்த வட்டி இப்படியே இருந்தா மாசத்துக்கு 4,900. பென்ஷன் 3,000. ஆக 7,900. இப்ப 3 லட்சத்தை எடுத்துட்டா இதே கணக்கு 5,100ல நிக்குது. அம்முச்சிக்கு வர்றதோட ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா 7,900 ஒண்ணும் பெரிய தொகை இல்ல. ஆனா 5,100ன்னா அது கரண்ட் பில், கேஸ், மாத்திரை. அதோட தீர்ந்துச்சு.

"எனக்கு எதுக்குடா பென்ஷன், நீ இருக்கியே"ன்னாரு அப்பா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு.

நான் இருக்கேன்தான். ஆனா நான் இருக்கப் போறது சென்னையில, ஓ.எம்.ஆர்.ல, ஒரு பி.ஜி.யில. நாளைக்குக் கம்பெனி 'பெஞ்ச்'ல உட்கார வெச்சா என்ன ஆகும்? கல்யாணம், வாடகை, என் பிள்ளைங்க ஃபீஸ்னு வந்தப்புறம் மாசம் ஒண்ணாம் தேதி அப்பா போன் பண்ணிக் கேட்கணுமா? கேட்க மாட்டாரு. அதுதான் பிரச்சினையே. மாத்திரையைப் பாதி பாதியா போட்டுக்குவாரு, கேட்க மாட்டாரு. நான் பணம் அனுப்பத்தான் போறேன். ஆனா அது அவருக்குப் பென்ஷனுக்கு மேல வர்ற பணமா இருக்கணும், பென்ஷனே அதுவா இருக்கக் கூடாது.

சரி, என் பக்கம் என்ன பண்ணப் போறேன்னு சொல்றேன். இது எல்லாருக்கும் பொருந்தாது. 11 லட்சம் வாங்கினவன் இதைத் தாண்டிப் போயிடலாம்.

26,500ல லோனுக்கு மாசம் 6,750 (ஏழு வருஷம் கட்டற கணக்கு). பி.ஜி. சாப்பாட்டோட 8,000. வீட்டுக்கு 4,000. பஸ், போன், துணி, தீபாவளி, ஃப்ரெண்டு கல்யாண மொய் எல்லாம் சேர்த்து 4,000. மீதி 3,700 சொச்சம். இதுல முதல் வருஷம் 2,700 ரூபாய் பேங்க்ல ஆர்.டி. இது ரிட்டயர்மென்ட்டுக்கு இல்ல. ரிட்டயர்மென்ட் பணத்தை யாரும் தொடாம இருக்கிறதுக்கு. அப்பாகிட்ட 2003லயும் 2014லயும் இல்லாமப் போனது இதுதான். ஆறு மாசச் செலவு சேர்ற வரைக்கும் இது ஓடும். வருஷக் கணக்காகும், ஆகட்டும்.

மீதி 1,000 ரூபாய் ஒரு நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டுல எஸ்.ஐ.பி. சம்பளம் வர்ற அதே நாள் தானா பிடிச்சுக்கிற மாதிரி. இண்டெக்ஸ் ஃபண்டுங்கிறது ரொம்ப சோம்பேறித்தனமான ஐடியா, அதனாலயே எனக்குப் பிடிச்சுது. எந்தக் கம்பெனி ஜெயிக்கும்னு யாரும் யோசிக்க மாட்டாங்க. பட்டியல்ல இருக்கிற ஐம்பது கம்பெனியையும் அந்தந்த அளவுல வாங்கி வெச்சுக்குவாங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை பட்டியலைச் சரி பார்ப்பாங்க, தேஞ்சு போன கம்பெனி வெளிய போகும், வளர்ந்தது உள்ள வரும். 1976ல அமெரிக்காவுல ஜான் போகிள் பொதுமக்களுக்காக இதை முதல்ல ஆரம்பிச்சப்ப, 15 கோடி டாலர் எதிர்பார்த்தாங்க, வந்தது 1 கோடியே 13 லட்சம் டாலர்தான். போகிளோட முட்டாள்தனம்னு கிண்டல் பண்ணாங்க. இன்னைக்கு உலகம் முழுக்க ரிட்டயர்மென்ட் பணம் அந்த முட்டாள்தனத்துலதான் குவிஞ்சு கிடக்கு.

பத்து சதவீதம் வளரும்னு வெச்சுக்கிட்டா (யாரும் உறுதி தர முடியாது, தந்தா ஓடிடுங்க), மாசம் 1,000 ரூபாய் 36 வருஷத்துல 37 லட்சத்து 50 ஆயிரம். அதையே 'செட்டில் ஆகிட்டு ஆரம்பிக்கலாம்'னு பத்து வருஷம் தள்ளிப் போட்டு 32 வயசுல ஆரம்பிச்சா 13 லட்சத்து 70 ஆயிரம். விட்டது 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் கட்டணம்தான். இழப்பு கிட்டத்தட்ட 24 லட்சம்.

இன்னொரு எண். ஃபண்டுல 'டைரக்ட்', 'ரெகுலர்'னு ரெண்டு இருக்கு. 2013 ஜனவரியில இருந்து டைரக்ட் பிளான் கட்டாயம் இருக்கணும்னு செபி சொல்லிடுச்சு. ரெகுலர்ல நடுவுல விக்கிறவங்களுக்குக் கமிஷன் போகும். கமிஷனும் மேனேஜர் செலவும் சேர்ந்து வருஷத்துக்கு 1.5 சதவீதம் கூடப் போச்சுன்னா, 10 சதவீதம் 8.5 ஆகும். அந்த 37.5 லட்சம் 26 லட்சமாகுது. ஒண்ணரை சதவீதம்தானேன்னு சொல்றவங்களுக்கு 11 லட்சம்னு சொல்லிப் பாருங்க.

பயமும் இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். 2008ல நிஃப்டி பாதிக்கும் மேல விழுந்துச்சு. 2020 ஜனவரியில 12,000க்கு மேல இருந்தது மார்ச்ல 8,000க்குக் கீழ போச்சு. நாளைக்கே தேவைப்படற பணத்தை அதுல போட்டவங்க அழுதிருப்பாங்க. 58 வயசுக்குன்னு போட்டவங்களுக்கு அது ஒரு கோடுதான், கிராஃப்ல கீழ போய் மேல வந்த கோடு. அதனாலதான் ஆர்.டி. முதல்ல, ஃபண்டு அப்புறம்.

பி.எஃப்.ஏ இல்லாத வேலைக்குப் போறவங்களும் நம்ம கிளாஸ்ல இருக்காங்க. ஒருத்தன் அவங்க அப்பாவோட பவர்லூம் பட்டறையைத்தான் பார்த்துக்கப் போறான். அவனுக்கு பி.பி.எஃப். இருக்கு. தபால் ஆபீஸ்லயோ பேங்க்லயோ திறக்கலாம். வருஷத்துக்குக் குறைஞ்சது 500, அதிகபட்சம் 1.5 லட்சம், 15 வருஷம். அதுக்கு மேல அஞ்சு அஞ்சு வருஷமா நீட்டிக்கலாம். வட்டி 2020 ஏப்ரல்ல இருந்து 7.1. என்.பி.எஸ்.ஸும் 2009ல இருந்து எல்லாருக்கும் திறந்திருக்கு.

ஆஃபர் லெட்டர் வந்த செய்தி சொந்தக்காரங்களுக்குப் போய்ச் சேர்ற வேகம் ஃபைபர் நெட்டைவிட ஜாஸ்தி. அடுத்த வாரமே ஒரு மாமா வீட்டுக்கு வந்துட்டாரு, பாலிசியோட. வருஷம் 50,000, 15 வருஷம் கட்டணும், இருபதாவது வருஷம் 14.5 லட்சம். "7.5 லட்சம் கட்டி டபுள் மாப்ள, அதோட இன்சூரன்ஸும்." நான் எக்செல்ல ஐ.ஆர்.ஆர். போட்டேன். 5 சதவீதம். பி.பி.எஃப்.ஐவிடக் குறைவு. இன்சூரன்ஸ் தேவைதான், லோன் இருக்கிறவனுக்கு நிச்சயம் தேவை. அதுக்கு டெர்ம் பாலிசின்னு தனியா ஒண்ணு இருக்கு. திரும்ப எதுவும் வராது, அதனால விலை குறைவு. மாமாகிட்ட இதைச் சொல்லல. "அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேனுங்க மாமா"ன்னு சொல்லி டீ கொடுத்து அனுப்பியாச்சு. சொந்தத்துல சில விஷயங்களுக்கு ஐ.ஆர்.ஆர். உதவாது.

எங்க பக்கம் ஆளுங்களுக்கு 2012ன்னாலே ஈமு கோழிதான் ஞாபகம் வரும். பெருந்துறையைச் சுத்தி எத்தனை பேர் ரிட்டயர்மென்ட் பணத்தையும் நகையையும் அந்தக் கோழிக்குக் கொடுத்தாங்க. இப்ப அது ரூபம் மாறி நம்ம போனுக்குள்ள வந்திருக்கு. ஹாஸ்டல்ல மூணாவது மாடியில காலையில ஒன்பதே காலுக்கு ஒரு கூட்டமே கேண்டில்ஸ்டிக் பார்க்க உட்காருது. அவங்ககிட்ட செபியோட 2024 செப்டம்பர் ஆய்வைக் காட்டினேன்: ஃப்யூச்சர்ஸ் ஆப்ஷன்ஸ்ல இறங்கின ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்கள்ல, மூணு வருஷத்துல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், சராசரியா ஆளுக்கு 2 லட்சம். "அந்த 7 சதவீதத்துல நான் மச்சான்"ன்னான் ஒருத்தன். அரியர் வெக்காத 7 சதவீதத்துல அவன் இல்லைங்கிறதை மட்டும் ஞாபகப்படுத்தினேன்.

மேல சொன்ன லட்சங்களைப் பார்த்து யாரும் குஷியாக வேண்டாம். விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறினா, 36 வருஷத்துல எல்லாம் எட்டு மடங்காகும். கேன்டீன்ல 15 ரூபாய் டீ அப்ப 120 ரூபாய். பி.எஃப்.ல வர்ற 58 லட்சத்தோட இன்றைய மதிப்பு 7 லட்சம்தான். இண்டெக்ஸ் ஃபண்டோட 37.5 லட்சம் நாலரை லட்சம். ரெண்டும் சேர்ந்தாலும் போதாது, கிட்டவே வராது. சம்பளம் ஏறும்போதெல்லாம் ஏறின தொகையில பாதியை இதுல சேர்த்துக்கிட்டே போனாத்தான் கொஞ்சமாவது தேறும். அதனால 1,000 ரூபாயில பணக்காரன் ஆயிடலாம்னு நான் சொல்லல. அந்தப் பழக்கமும் அந்த முதல் மூணு வருஷமும்தான் எனக்கு முக்கியமா தெரியுது. மீதியெல்லாம் அதுமேல கட்டறது.

அப்பாகிட்ட ரெண்டு ஷீட்டையும் போன்ல காட்டினேன். 7,900, 5,100. கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாரு. ஃபேக்டரியில இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் பார்க்கிற மாதிரி, மேலிருந்து கீழ. "வட்டி கணக்குல நான் சொன்னதுதான லாபம்?"னு கேட்டாரு.

"ஆமாங்கப்பா. அந்த 6,750ஐ நான் கொடுக்கறேன்."

அவர் ஒண்ணும் சொல்லல. அம்மாதான் உள்ள இருந்து, "வளையலையாவது விடுங்க"ன்னாங்க.

சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. ஆனா பிரவுசிங் சென்டர் பக்கம் இன்னும் போகல. போன ஞாயித்துக்கிழமை நானும் அவரும் உட்கார்ந்து யு.ஏ.என். போர்ட்டல்ல லாகின் பண்ணோம். பாஸ்புக் டவுன்லோட் ஆச்சு. நாமினி பகுதி காலியா இருந்துச்சு. பத்து வருஷமா யாரும் எதுவும் நிரப்பல. அம்மா பேரைப் போட்டோம். அதை ஆதார் ஓ.டி.பி. வெச்சு இ-சைன் பண்ணணும். ஓ.டி.பி. போனது, ரீசார்ஜ் பண்ணாம விட்டு எப்பவோ செத்துப் போன ஒரு பழைய நம்பருக்கு. ஆதார்ல நம்பர் மாத்த இந்த வாரம் லீவு போடறேன்னு அப்பா சொல்லியிருக்காரு.